பரணைப் பார்த்த கேமரா

— பாதிரியார் வரவே இல்லையா, லோர்னா?

— வரல. விடியறதுக்கு முன்னாடியே மரத்து மேல இருக்குற பரண்ல ஏறி, குளிர்ல வெறச்சதுதான் மிச்சம்.

— வேற மான்?

— ஒரு அணில் வந்துச்சு. ஏற எறங்கப் பாத்துட்டுப் போயிடுச்சு. இந்த ஆரஞ்சு ஜாக்கெட்டுல பழுத்த பூசணின்னு நெனச்சிருக்கும். விஸ்கான்சின்லயே அணில்கூட பயப்படாத வேட்டைக்காரி நான்தான், வெர்ல்.

— கோடையெல்லாம் மரத்துக்கு மரம் கேமரா கட்டுனியே. அந்த மானோட கொம்பு, கைய விரிச்சு ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்குன்னு அதுக்குப் பாதிரியார்னு பேரும் வெச்ச.

— அதான் கூத்து. அது எங்க தண்ணி குடிக்குது, எந்த மரத்துல கொம்பு தேய்க்குது, எல்லாம் அத்துப்படி. பெத்த பொண்ணு இப்ப எந்த ஊர்ல இருக்கான்னு கேட்டா முழிப்பேன்.

— தம்பி மெர்ல் ஃபோன்ல கூப்பிட்டான். 'உனக்குத்தான் இடுப்பு ஒடஞ்சு போச்சே, பரண் தம்பிக்குத்தானே வரணும்? அண்ணிக்குச் சுட மனசு வராது, எனக்கு விட்டுடு'ங்கிறான்.

— உன் தம்பிக்கு வாய் மட்டும்தான் குறி தப்பாது. மான் வரட்டும், அப்பப் பாக்கச் சொல்லு.

— ஃப்ரீசர் காலி.

— கோழி தின்னா கொறஞ்சா போயிடுவ?

— சரி, இந்தப் படத்தப் பாரு. காலையில வந்தது.

— இது... உன் ஃபோனுக்கு எப்படி?

— படுக்கையில கெடக்குறேன், பொழுது போகட்டும்னு, கேமரா படம் அனுப்புற லிஸ்டுல நீதானே என் நம்பரையும் சேத்துவிட்ட.

— அடக் கடவுளே.

— கேமராவப் பரணப் பாத்துக் கட்டுனது யாரு?

— நான்தான். நான் சுடுற கண்கொள்ளாக் காட்சி படமா விழணும்னு.

— விழுந்திருக்கு. கீழ பாதிரியார். மேல நீ, கண்ண மூடி, வாயப் பொளந்துட்டு.

— பாதிரியார் முன்னால நான் என்னைக்கு முழிச்சிருந்தேன்? தூங்கிட்டேன், போதுமா? சிரிச்சுக்கோ.

— சிரிச்சேன். அப்புறம் அடுத்த படம் வந்துச்சு.

— அடுத்ததா?

— அதுல முழிச்சிருக்க. துப்பாக்கி மடியில கெடக்கு. அது உன்னப் பாக்குது, நீ அதப் பாக்குற. அதுக்கடுத்த படத்துலயும் அப்படியேதான். என்னைய நீ அப்படிப் பாத்து எத்தன வருஷம் ஆச்சு, லோர்னா?

— நீ எங்க கெழவா, அது மாதிரி அசையாம நின்னு காட்டுன?

— பேச்ச மாத்தாத. மெர்லுக்கு என்ன சொல்ல?

— மத்ததெல்லாம் அழிச்சிடு. நான் தூங்குற படத்த மட்டும் அவனுக்கு அனுப்பு.

— ஊரே சிரிக்கும்டி.

— சிரிக்கட்டும். தூங்கிட்டவளுக்கு நாளைக்கும் பரண் குடுப்பீங்க. சுட மனசு வராதவளுக்குக் குடுப்பீங்களா?