ருசி சொன்னவள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எருத்தேன்பதி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். தக்காளி நாற்றுக் கட்டை மடியில் வைத்திருந்த இளையவர் சொன்னார்:

"அந்த பீர்ல மாட்டுக் கட்டுத்தரை வாசம் அடிச்சுதுங்க்கா."

"நீ எங்க அம்மிணி பீர் குடிச்சே?"

"பையன் பெங்களூர்ல இருந்து கொண்டாந்தான். கோதுமை பீராமா, பெல்ஜியம் நாட்டுப் பக்குவமாமா. எங்கூட்டுக்காரரு கல்லீரல் கெட்டதுல இருந்து குடிக்கறதில்லீங்களே. நீ குடிச்சுப் பாத்து எனக்கு ருசியச் சொல்லுன்னாரு."

"சொன்னியா?"

"புளிச்ச மோராட்டம் இருக்குது, கடைசில ஆரஞ்சுத் தோல் கசப்புன்னேன். கள்ளு மாதிரியான்னு கேட்டாரு. கள்ளு நான் எங்கீங்க்கா குடிச்சேன்? முன்னெல்லாம் சாயங்காலம் நீங்க ஊட்டுக்கு வந்தா அடிக்குமே, அந்த வாசமுன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"கண்ணை மூடிக்கிட்டு, இன்னொரு வாய் குடின்னாரு."

மூத்தவர் சிரித்தார். இளையவர் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் பையன் வர்றப்ப ரெண்டு பாட்டில் கொண்டாரச் சொல்லியிருக்கறேனுங்க்கா."

"அவரு கேட்டாரா?"

"அவரு ஒண்ணு போதும்னாரு. நாந்தான் ரெண்டுன்னேன்."