பெருக்கி வைத்த மைதானம்

பம்பாயில், தாதர் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு தாராவிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மைதானத்தைப் பெருக்கினதுதான் தப்பாப் போச்சுக்கா," என்றாள் இளையவள்.

"என்னட்டி சொல்லுதே?"

"பிள்ளைக வெளயாடுற எடம், அங்க குடோன் கட்டக் கூடாதுன்னு மனு குடுத்தோம்லா? முனிசிபாலிட்டி ஆபீசர் பாக்க வந்தாரு. மரியாதைக்கு மைதானத்தைப் பெருக்கி வச்சி, பிள்ளைகளை எல்லாம் வீட்டுல பூட்டிட்டோம். 'யாருமே இல்லியே, சும்மா கெடக்குற எடம்'னு எழுதப் பாத்தாரு."

"ஐயய்யோ! பொறவு?"

"நம்ம ரோசம்மாக்கா அவருக்குச் சாயா குடுத்து உக்கார வச்சிட்டு, எல்லாக் கதவையும் தொறக்கச் சொன்னா. பிள்ளைக மொத்தமும் பந்தோட ஓடி வந்துச்சு. 'இதுக இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?'ன்னாரு. 'நீங்க வாறீகன்னு பூட்டி வச்சோம் சாப்'னா அக்கா."

"கெட்டிக்காரி! அவரு கோவிக்கலியா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாரு. பிள்ளைக வெளயாடுற எடம், கட்டடம் கூடாதுன்னு எழுதிட்டு, 'இனிமே யாரு வந்தாலும் பூட்டாதீங்க'ன்னுட்டுப் போனாரு."