ரெண்டாவது டேங்க்

மனைவி: ...அதனாலதான் சொல்றேன், கம்ப்ரசருக்கு இன்னொரு டேங்க் வேணும். பாதிக் கதவு அடிக்கிறதுக்குள்ள காத்து தீர்ந்துபோகுது. அப்புறம் ஸ்ப்ரே கன் பெயிண்டைத் திட்டுத்திட்டாத் துப்புது. இந்த அலமாரியைப் பாருங்க, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி.

கணவன்: வேண்டாம்னா சொன்னேன்? பார்த்து வாங்கலாம்.

மனைவி: ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க. நீங்க பார்த்து வாங்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்.

கணவன்: காத்துதானேன்னு நினைக்காதே. அடைச்சு வச்ச காத்து வேற. நம்ம கம்ப்ரசர் பத்து கிலோ அழுத்தம் வரைக்கும் ஏத்தும். புது டேங்க் அதுக்கு மேலயே தாங்கணும். எவ்வளவு தாங்கும்னு டேங்க் மேல இருக்கிற தகட்டுல போட்டிருக்கணும். அதுக்குன்னு தனியா சேஃப்டி வால்வு...

மனைவி: பிளாஸ்டிக் பைப் கூடாது, பழைய கேஸ் சிலிண்டர் ஆகவே ஆகாது, அடியில தண்ணி வடிக்க வழி வேணும். மனப்பாடம்! பொண்ணு பார்க்க வந்தப்போகூட என்னைப் பத்தி இவ்வளவு விசாரிக்கலை நீங்க.

கணவன்: விசாரிச்சிருக்கணும்.

மனைவி: ஓஹோ... சரி, ஒண்ணு சொல்றேன். கோபப்படக் கூடாது.

கணவன்: இப்பவே வருது.

மனைவி: பழைய இரும்புக்கடையில ஒரு டேங்க் கிடைச்சுது. நீங்க வெளிய போனதும்...

கணவன்: மாட்டிட்டியா?

மனைவி: கச்சிதமா மாட்டிட்டேன். துளி காத்து கசியலை.

கணவன்: தகடு?

மனைவி: இருக்குங்க. துருப் பிடிச்சிருக்கு. எட்டோ, ஆறோ...

கணவன்: எட்டா, ஆறா?

மனைவி: ...ஆறு.

கணவன்: வால்வு இருக்கா?

மனைவி: இருக்கு. ஆனா காத்து ஏற ஏற உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரே சீறல். ஏத்துன காத்தெல்லாம் அது வழியாவே போகுது. அதான் ஒரு போல்ட்டை வச்சு...

கணவன்: வச்சு?

மனைவி: அடைச்சுட்டேன்.

கணவன்: இப்ப ஷெட்ல ஓடுறது...

மனைவி: அதுதான். ஏறட்டும்னுதானே உங்ககூடப் பேசிட்டு...

கணவன்: எந்திரி. வெளிய வா.

மனைவி: ஏங்க, கை வலிக்குது! செருப்பு...

கணவன்: செருப்பை விடு! மெயினை அணைச்சுட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. தலையை நீட்டாதே.

மனைவி: நீங்க எங்க போறீங்க? ஷெட்டுக்கா?

கணவன்: இல்லை. ஸ்ப்ரே கன் இங்க வெளியிலதானே கிடக்கு? ஹோஸ் நீளம். இங்க இருந்தே காத்தை விட்டுடறேன்.

மனைவி: டேங்க் கிட்டப் போக மாட்டீங்களே?

கணவன்: போக மாட்டேன்.

மனைவி: சத்தியமா?

கணவன்: சத்தியமா. நீ பேசிட்டே இரு.

மனைவி: என்னத்தைப் பேச... அலமாரியை நாளன்னிக்குக் கேட்டிருக்காங்க... இன்னுமா போகலை?

கணவன்: மெதுவாத்தான் போகும்.

மனைவி: ஏங்க, ரெண்டு திட்டாவது திட்டுங்களேன். நீங்க இப்படி இருந்தா பயமா இருக்கு.

கணவன்: ...ஷெட் ஜன்னல் வழியா மீட்டர் முள் தெரியுது. சுத்தமா இறங்கிடுச்சு. வா, உக்காரு.

மனைவி: தெரியாமப் பண்ணிட்டேன்.

கணவன்: உன்மேல தப்பில்லை. வால்வு சீறினா, அது தாங்க முடியலைன்னு சொல்லுது. நான்தான் இதை முதல்லயே சொல்லியிருக்கணும். அந்த டேங்கைக் கழட்டி ஓட்டை போட்டுடலாம், இன்னொருத்தர் மாட்டாம இருக்க. நாளைக்கே நல்லதா, சோதிச்சுப் பார்த்தது ஒண்ணு வாங்கிடலாம்.

மனைவி: நாளைக்கா? அப்ப ஆறு மாசம் ஏன் இழுத்தீங்க?

கணவன்: ...கல்யாணத்துக்கு முன்னாடி டயர் கடையில இருந்தேன்ல?

மனைவி: ஆமா. வேலை பிடிக்காம விட்டதாச் சொன்னீங்க.

கணவன்: அங்கயும் இப்படித்தான். ரெண்டாவதா ஒரு பழைய டேங்க். நாள் பூரா வால்வு சீறும். யாரோ போல்ட்டைப் போட்டு அடைச்சுட்டாங்க. மத்தியானம் அடிப்பக்கம் பிளந்துடுச்சு. என் கூட்டாளி பக்கத்துல உக்காந்து டியூப் ஒட்டிட்டு இருந்தான்.

மனைவி: ஐயோ... பொழைச்சாரா?

கணவன்: இல்லை.

மனைவி: இத்தனை வருஷமா இதைத் தனியாவா சுமந்தீங்க? என்கிட்ட சொல்லியிருக்கலாமே...

கணவன்: சொல்ல வாய் வரலை.

மனைவி: அவ்வளவு நேரம் சீறினது சட்டுன்னு நின்னா, அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்குமே. ஏன் நின்னுச்சுன்னு அவர் யாரையும் கேக்கலையா?

கணவன்: கேட்டான். "நான்தான்டா அடைச்சேன், ஒண்ணும் ஆகாது"ன்னேன்... என்னை நம்பித்தான் அங்கயே உக்காந்தான்.