படமா, பாரமா?

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பழம்பெரும் இந்தத் திரையரங்கை இடித்துவிடாமல், நாற்காலிக்கு நாற்காலி ஆணி அடித்து நடத்திவரும் உரிமையாளர் அம்மா அவர்களே! இருட்டில் நின்றுகொண்டே நமக்கு வெளிச்சம் காட்டும் படம் ஓட்டும் பெரியவர் அவர்களே! ஒரு வாரமாகப் பேசாத பேய்ப்படங்களைப் பார்த்துப் பயந்து, பயந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்த பெருமக்களே! பிள்ளைகளின் கண்ணைப் பொத்துகிறேன் என்று சொல்லித் தங்கள் கண்ணைப் பொத்திக்கொண்ட தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அக்கா அவர்களே! எல்லோருக்கும் என் எளிய வணக்கம்.

பேசாத படங்களுக்கு விழா. அதில் பேசுவதற்கு ஓர் ஆள்! என்ன பொருத்தம் இது? அழைப்பு வந்த நாளில் தொடங்கிய குழப்பம் இந்த ஒலிவாங்கி முன் நிற்கும்வரை தீரவில்லை. பேய் பேசவில்லை, பேயிடம் சிக்கிய பெண் பேசவில்லை. நான் மட்டும் பேச வேண்டுமாம்!

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவன் நான். "ஊரே கேட்கும் குரல்" என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். உண்மைதான். ஊரே கேட்கும், என் அக்கா மட்டும் கேட்டதில்லை. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவர் காதைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து உதட்டைப் பார்த்தே ஊரைப் படிக்கிறார். இருபது வருடமாகப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை, எங்கள் வீட்டில்தான் வாசம். பல்லைப் பற்றியும் உதட்டைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. என்ன தலைவரே, சட்டென்று வாயை மூடிக்கொண்டீர்கள்?

போன சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நான், என் மனைவி, அக்கா மூவரும் வந்தோம். அந்தக் காலத்தில் நம் ஊரிலேயே எடுத்த படம். திரையிலே பாழடைந்த மாளிகை. சவப்பெட்டியின் மூடி மெல்ல நகர்கிறது. நீண்ட விரல், நீண்ட நிழல், நீண்ட பல்! அந்தப் பேய் வாயைத் திறந்து ஏதோ சொல்கிறது. அடுத்து எழுத்து வருகிறது: "உன் உயிரை எனக்குக் கொடு!" அரங்கமே உறைந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் நாற்காலிக்கு அடியிலேயே போய்விட்டார். ஆமாம் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன், மறைந்துகொள்ளாதீர்கள்!

அந்த நேரம் பார்த்து என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நாலு பக்கமிருந்தும் "உஷ்! உஷ்!" என்றார்கள். பேசாத படத்தில் எந்த வசனம் காதில் விழாமல் போயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திரை வெளிச்சத்தில் என் முகத்தைக் காட்டி, "ஏன்க்கா சிரிக்கிற?" என்றேன்.

"அந்த ஆளு உயிரெல்லாம் கேக்கலடா. 'பல்லு குத்துது, சீக்கிரம் படத்தை எடுத்து முடிங்க'ன்னு சொல்றான். மேல் செட்டு சரியாவே உக்காரல, பாவம்" என்றார்.

எழுத்தை நம்புவதா, உதட்டை நம்புவதா? பயப்படுவதா, பரிதாபப்படுவதா? இதற்கே நான் குழம்பிக்கொண்டிருக்க, இடைவேளை வந்தது. விளக்கெல்லாம் எரிந்தபோது அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "உள்ள வர்றதுக்கு முன்னாடி, எத்தனை நாளைக்கு இந்தப் பாரம்னு அவகிட்ட சொன்னியா?"

அவைப் பெருமக்களே! நுழைவாயிலில் அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரொட்டிக்குக் கண்ணாடி போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியில் என் உதடு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் மனைவி முந்திக்கொண்டார். "ஐயோ அண்ணி! எத்தனை நாளைக்கு இந்தப் படம்னு கேட்டாரு. போர்டுல தேதி போடல, அதான்."

படம், பாரம். சொல்லிப் பாருங்கள், தாய்மார்களே! சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். தொடக்கத்தில் உதடு மூடும், முடிவிலும் மூடும். "நடுவுல நடக்கிறது நாக்குக்குத்தான் தெரியும்" என்றார் அக்கா. என் முகத்தையே பார்த்தார். "படம்னா இருக்கேன். பாரம்னா சொல்லு. வேற ஊர்ல பெரிய பல்செட் கூடத்துல வேலைக்குக் கூப்பிடுறாங்க, தங்க அறையும் தர்றாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

நான் என்ன சொன்னேன்? தொண்டை கிழிய ஊருக்கே வழி சொல்லும் நான் என்ன சொன்னேன்? "படம்தான்க்கா" என்றேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திங்கட்கிழமை அக்கா அந்தக் கூடத்துக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் சுவரைப் பார்த்துப் பேசுகிறேன், சோற்றைப் பார்த்துப் பேசுகிறேன். அக்காவைப் பார்த்துப் பேச முடியவில்லை. இந்த மாதம் எனக்கு வேலையில் ஆயிரம் எரிச்சல். அதற்கு அக்கா என்ன செய்வார்? பாசமில்லாமல் சொன்னேனா? பாசமிருந்தும் அந்தச் சொல் எப்படி வந்தது? உண்மையைச் சொன்னால் அக்கா போய்விடுவார். சொல்லாமல் வைத்துக்கொண்டால், வீட்டில் இருப்பது அக்காவா, என் பொய்யா? எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை!

ஆனால் மேடையில் முகத்தைத் திருப்ப முடியாது, தோழர்களே. திருப்பினால் ஒலிவாங்கி குரலை எடுக்காது. ஆகவே இந்த அவையிலே, இந்த வெளிச்சத்திலே, நேருக்கு நேராகச் சொல்கிறேன்: அக்கா, நான் சொன்னது படம் இல்லை. பாரம் என்றுதான் சொன்னேன்!

அடடா! அக்கா பார்க்கவே இல்லையே! கைப்பைக்குள் தலையை விட்டுக் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பக்கத்து அம்மா, கொஞ்சம் தோளைத் தொடுங்கள். நன்றி. ஐயோ, ஒருமுறை சொல்லவே உயிர் போயிற்று, இரண்டாவது முறையா?

அக்கா. இங்க பாரு. பாரம்னுதான் சொன்னேன். படம்னு சொன்னது பொய். தப்பு என் பேர்ல. நீ போறதா இருந்தா நானே கொண்டுபோய் விடறேன். போகாம இருந்தா... இருந்துடுக்கா.

எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி! அக்கா, என்ன சொல்ற?

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "சத்தமா சொல்லாதடா, எல்லாருக்கும் கேக்குது" என்கிறார்.

இது மன்னிப்பா, திட்டா, எனக்கு விளங்கவில்லை. ஆனால் இத்தனை பேர் நடுவில் என் மானத்தைக் காக்கப் பார்க்கிறார் என்பது விளங்குகிறது. மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் கீழே இறங்கியாக வேண்டும். பொறுமையோடு செவி கொடுத்த உங்களுக்கும், கண் கொடுத்த என் அக்காவுக்கும் நன்றி. வணக்கம்.