கறுப்புச் சதுரத்தில ஒரு மாட்டுப் பண்ணை

இல்லை அக்கா, பண்ணையின்ர பேரைப் போனில அடிச்சுப் பாத்திட்டன், காட்டுதே இல்லை. அதுதான் வென்ட்வேர்த்வில்லில ரெயின் ஏறி உங்கட லைப்ரரிக்கே வந்தனான். இந்த மப், வரைபடப் பகுதியில தமிழாள் இருந்தது என்ர அதிர்ஷ்டம்.

ஓம், அந்த மலைப்பக்கம்தான். மாட்டுப் பண்ணை. என்ர மனுசன் அங்கதான் வேலை, ஒரு வருசமாச்சு. திங்கள் போனால் வெள்ளி வருவார். சிக்னல் இல்லை, ரோட்டும் சரியில்லை, நீ வந்திடாதை எண்டுவார். வாற கிழமை அவற்ர பிறந்தநாள். மகளையும் ஏத்திக்கொண்டு சொல்லாமல் போய் இறங்கப்போறன். அந்த முகத்தைப் பாக்கோணும்!

முந்தி அவருக்குப் பழைய மப்புகளை ஸ்கான் பண்ணுற வேலை. பின்னேரம் வந்து பண்ணைகளின்ர பேரெல்லாம் சொல்லுவார். அது முடியத்தான் இது கிடைச்சது.

பழசை விரியுங்கோ. நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை அக்கா, ஊரில ஓ.எல் சோதினைக்கு இடவிளக்கப்படம் கேட்டால் நான் ஒரு புள்ளியும் விடமாட்டன். மண்ணிறக் கோடு நெருங்கினால் ஏத்தம். இந்தா ஆறு. இந்தா மாட்டுப்பட்டி. கறுப்புச் சதுரம் வீடு. பேரும் கிடக்கு, மக்கெல்லன் பண்ணை! அவர் சொன்ன அதே பேர். முப்பத்தெட்டாம் ஆண்டுப் படமோ? பரவாயில்லை, மலை எங்க ஓடப்போகுது.

இப்பத்தைய படம் இருக்கோ? பக்கத்தில வையுங்கோ.

சதுரம் கிடந்த இடமெல்லாம் நீலம். சொல்லித்தர வேண்டாம், நீலம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். அணை எப்ப கட்டினவை?

நாங்கள் பிறக்க முதலேயோ.

அப்ப, தான் ஸ்கான் பண்ணின படத்தில ஒரு பேரைப் பொறுக்கியிருக்கிறார். புதுசைப் பாக்கேல்லை.

கதிரை வேண்டாம் அக்கா, நிக்கிறன். ரெண்டிலயும் ஒவ்வொரு கொப்பி அடிச்சுத் தாங்கோ, பிறந்தநாளுக்குச் சுத்திக் குடுப்பம். ஒரு வருசம் தண்ணிக்கடியில மாடு மேய்ச்ச மனுசன், ஒரு தடிமன், தும்மல்கூட வரேல்லை!

வெள்ளிக்கிழமையில பையைத் திறந்தால் உடுப்பெல்லாம் தோய்ச்சு மடிச்சுக் கிடக்கும் அக்கா. எனக்கு வேலை வைக்காத மனுசன் எண்டு வென்ட்வேர்த்வில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். சேட்டின்ர ரெண்டு கையையும் பின்னால மடக்கி, கொலரை நிமித்தி, வடிவா, கடையில வைக்கிற மாதிரி.

அவருக்கு ஒரு துவாய்கூட மடிக்கத் தெரியாது.