மண் வறண்டிருக்கிறது

சும்மா சமாதானம் சொல்லாதீங்க மெக்கானிக் தம்பி! நாலு நாளா மோட்டார் ஓடுது... நிக்கவே மாட்டேங்குது. கேக்குதா சத்தம்? பாத்து வாங்க, செருப்பக் கழட்டிடுங்க. என்னோட ஒரு செருப்ப இந்தச் சேறு முழுங்கிடுச்சு.

இப்பல்லாம் மழை என்ன, சொல்லிட்டா வருது? வந்தா ஒரே நாள்ல கொட்டித் தீக்குது, இல்லன்னா மாசக்கணக்குல எட்டிக்கூடப் பாக்கறதில்ல. அதான் பயிற்சிக்குப் போனேன். சொட்டு நீர் போடுங்க, இந்தக் கருவியோட குச்சிய மண்ணுல குத்தி வைங்க, காஞ்சா மோட்டார் தானா ஓடும், நனைஞ்சா தானா நிக்கும்னாங்க. கோடை முழுக்கத் தக்காளிக்குன்னு குட்டையில சேத்து வெச்ச தண்ணி தம்பி! இப்பப் பாருங்க, அதுல தவளை நடந்து போகுது.

அணைக்கறதா? சுவிட்ச 'ஆட்டோ'வுல போட்டுட்டா கை வைக்கக் கூடாதுன்னு மாட்ட வந்தவரு சொன்னாரே! போனப் பாத்தா 'மண் வறண்டிருக்கிறது'ங்குது. குனிஞ்சு பாத்தா முழங்கால் வரைக்கும் சேறு. நான் எதைத்தான் நம்பறது? படிச்சவங்க செஞ்சது பொய் சொல்லுமா?

என் வீட்டுக்காரி, 'மண்ணத் தொட்டுத்தான் பாருங்களேன்'னா. வந்துச்சே எனக்குக் கோவம்! நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்னு கத்திட்டேன். கோவிச்சுக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. மூணு நாளாச்சு, போன எடுக்கல. அவ இல்லாம வீட்டுக்குள்ள போகவே புடிக்கல... சரி, அத விடுங்க.

அவளுக்கு ஒரு பொருளப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாது. நான் அப்படியா? டிவி ரிமோட் வாங்கி ஒம்போது வருஷம், இன்னும் கவர் பிரிக்கல. பட்டன் ஒண்ணும் அமுங்காது, ஆனா புத்தம் புதுசு! சோபாவுக்குக் கவர், கவர் மேல துண்டு. இந்தக் குச்சிய மட்டும் விடுவேனா? ஈரத்துல கெட்டுப் போயிடும்ல! ரெண்டு பிளாஸ்டிக் கவர் மாட்டி, இறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு... ஒரு சொட்டு உள்ள போகட்டும், என் பேர மாத்திக்கறேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஏன் கவரப் பிரிக்கறீங்க? வெறுங்குச்சியவா சேத்துல குத்தறீங்க? ஐயோ, நனையப் போகுது தம்பி, நனைய...

...நின்னுடுச்சு.

அட... அடக் கடவுளே.

தம்பி, ஒரே ஒரு உதவி. என் வீட்டுக்காரிகிட்ட, கருவியிலதான் கோளாறுன்னு நீங்களே ஒரு வார்த்தை... எங்க போறீங்க? தம்பி! அந்தக் கவரையாவது குடுத்துட்டுப் போங்க, ஓட்டையில்லாத கவரு!

...ஹலோ? ஆ, எடுத்துட்டியா! நான்தான். மோட்டார் நின்னுடுச்சும்மா. இல்ல, போன்ல பாக்கல. கையாலயே தொட்டுப் பாத்தேன், ஈரந்தான். நீ சொன்னதுதான் சரி, நான்தான் முட்டாள். வந்துடேன். என்னது? என்ன கோளாறுன்னா? அது... அது வந்து... நீ மொதல்ல வாயேன்!