அக்காவுக்குக் கொடுக்க வந்தவள்

— கையை நல்லா கழுவினியாடி?

— கழுவினேன்கா. நர்ஸ் பக்கத்துலயே நின்னு பாத்தாங்க.

— மாஸ்க்கை மூக்கு வரைக்கும் இழு. ஆறு வருஷம் கழிச்சு வந்தவ, ஜலதோஷத்தோட வந்துடாத.

— சண்டை போடத்தான் கூப்பிட்டியா?

— இல்ல. மூச்சு வாங்குது, அதனால சண்டை இல்ல.

— பாதி ஆளா போயிட்டக்கா.

— ஒரு பக்க மார்பு போச்சு. முடி பூரா போச்சு. ஊருக்கே முடி வெட்டினவ வீட்டுல இப்ப சீப்புக்கு வேலை இல்ல.

— என் கடைக்கு வர்றவங்க எல்லாம் உன்னைத்தான் விசாரிக்கறாங்க.

— என் கடைக்கு எதிர்ல, என் ஆளுங்களை இழுத்துட்டுப் போய்த் தொறந்த கடைன்னு சொல்லு.

— சரி, அதே கடைதான். இழுத்துட்டுதான் போனேன். இப்ப ஊசியை எங்க குத்துவாங்க? கையிலயா, இடுப்பெலும்புலயா?

— அவ்வளவு அவசரமா?

— நீதானே போன்ல சொன்ன. நோய் திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, அதனால நாளைக்கு பெரிய மருந்து ஏத்தறாங்க, அது எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்தையே துடைச்சுடும், கூடப் பொறந்தவளோட ஸ்டெம் செல் ஏத்தலன்னா பொழைக்க மாட்டேன்னு.

— சொன்னேன்.

— அதான் கடையைப் பூட்டிட்டு வந்துட்டேன். வேணுங்கறதை எடுத்துக்க.

— பயமா இல்லையா?

— இருக்கு. நீ செத்துடுவியோன்னு.

— உக்காரு. ஒண்ணு சொல்றேன், கத்தாத. உன்னோடது வேண்டாம்டி. என் ரத்தத்துலருந்தே எடுத்து உறைய வெச்சுட்டாங்க. மருந்து முடிஞ்சதும் அதையே எனக்குத் திருப்பி ஏத்துவாங்க.

— ம்.

— என்ன ம்? பொய் சொல்லி வரவெச்சிருக்கேன். நாலு வார்த்தை திட்டேன்.

— எதுக்கு வரவெச்ச?

— நாளையிலருந்து இந்த ரூம்ல என்கூட ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாமாம். யாருன்னு கேட்டாங்க. வேற யாரையும் சொல்ல வாய் வரல.

— தெரியும்கா.

— என்ன தெரியும்?

— நீ போனை வெச்ச கையோட ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். மார்புல கேன்சர் வந்தா கூடப் பொறந்தவங்க கொடுக்கணுமான்னு கேட்டேன். தேவையில்ல, அவங்கவங்களோடதையே ஏத்துவோம்னாங்க.

— அப்புறம் எதுக்குடி ஊசி எங்கன்னு கேட்ட?

— தெரியும்னு சொல்லியிருந்தா, வராதன்னு சொல்லியிருப்ப. ஒரு மாசத்துக்குத் துணி கொண்டுவந்திருக்கேன், எங்க வைக்கறது?